எக்ஸ்ரேல நூல் தெரியாதுங்க

இந்தப் பதிவு நாய், பூனை வளர்க்கிற பதிவர்களுக்கு. வளர்க்காதவங்களும் படிக்கலாம், தப்பில்லை :-) கொஞ்சம் நீளமாப் போயிருச்சு. ஒரு டீயைப் போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். வீட்டுப் பிராணிக்கு உடம்பு சரியில்லைன்னா, "எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அந்த நிம்மதி பல நேரம் பொய். அதுவும் எங்க மங்கலம், சோமனூர், பல்லடம், திருப்பூர் பக்கம் ரொம்பப் பெரிய பொய். ஏன்னா இங்க நாயும் பூனையும் எதை முழுங்குதோ, அது எக்ஸ்ரேல நேரடியா விழாத சமாச்சாரம்.

எங்க ஊரைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நொய்யல் கரையில இருக்கற ஊர். ஒரு பக்கம் விசைத்தறி, இன்னொரு பக்கம் பனியன் கம்பெனி. தறிக் குடோன்ல பாவு நூல், ஊடை நூல், கோன் நூல். பனியன் கம்பெனில ஓவர்லாக் நூல், எலாஸ்டிக், கட்டிங் வேஸ்ட். வீட்டுத் திண்ணைல உக்காந்து பிசிறு வெட்டற அக்காக்கள் காலடியில குவியல் குவியலா நூல். அந்தக் குவியல்தான் எங்க ஊர்ப் பூனைக்கு மெத்தை, குட்டி நாய்க்கு விளையாட்டுச் சாமான். பூனை நாக்கைத் தொட்டுப் பாத்திருக்கீங்களா? உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். அதுல இருக்கற முள்ளெல்லாம் தொண்டைப் பக்கமா சாஞ்சிருக்கும். அதனால நூல் ஒரு தடவை நாக்குல மாட்டிருச்சுன்னா துப்பத் தெரியாது. உள்ள போய்க்கிட்டே இருக்கும்.

எங்க பக்கத்து வீதியில ஒரு தறிக்காரர் வீட்டுப் பூனைக்கு இதுதான் நடந்தது. மூணு நாளா வாந்தி, சாப்பாடு இல்லை. மனுசங்களுக்கு எக்ஸ்ரே எடுக்கற ஒரு சென்டர்ல, கூட்டமெல்லாம் போன பிறகு ராத்திரி எடுத்துக் கொடுத்தாங்க. ஒரே ஒரு படம், பக்கவாட்டுல படுக்க வெச்சு. எலும்பு நல்லாருக்கு, ஒண்ணுமில்லைன்னு ஆயிருச்சு. தினமும் வாந்திக்கு ஊசி. நான் அந்த அக்காகிட்ட கோயமுத்தூர் கூட்டிட்டுப் போகலாமேன்னு சொன்னேன். "ஏனுங் தம்பி, எக்ஸ்ரேலயே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க, அப்பறம் என்னத்துக்குங் திரும்பவும் அலையறது?"ன்னு கேட்டாங்க. கேட்டதுல தப்பே இல்லை. படத்துல தெரியாதது இல்லைன்னுதானே நாம எல்லாரும் நினைக்கறோம்?

நாலாம் நாள் கோயமுத்தூர் போனாங்க. அங்க இருந்த டாக்டரம்மா படத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி பூனை வாயைத் தொறந்து, நாக்கைத் தூக்கிப் பாத்தாங்களாம். நாக்குக்கு அடியில வெள்ளை நூல் ஒரு சுத்து சுத்தி நிக்குது. மிச்சம் பூரா வயித்துக்குள்ள. ஸ்கேன் பாத்து, ஆபரேஷனும் பண்ணினாங்க. குடல்ல நாலஞ்சு இடத்துல ஓட்டை. ரெண்டாம் நாள் பூனை போயிருச்சு.

அந்தக்கா என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. "அத்தன நீள நூலு, எக்ஸ்ரேல எப்படிங் தெரியாமப் போச்சு?"

அதுக்குப் பதில் தேடிப் படிச்சதும், தெரிஞ்ச கால்நடை டாக்டருங்ககிட்ட கேட்டதும்தான் இந்தப் பதிவு.

எக்ஸ்ரேக்குத் தெரிஞ்சது அஞ்சே நிறம்

1895 நவம்பர்ல ஜெர்மனியில ராண்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டுபிடிச்சார். அடுத்த வருசமே மிருக வைத்தியத்துலயும் இதை முயற்சி பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. இத்தனை வருசத்துல ஃபிலிம் போய் கம்ப்யூட்டர் திரை வந்தாச்சு, ஆனா அடிப்படை மாறலை. எக்ஸ்ரே படம்ங்கறது ஒரு நிழல். கதிரை எது எவ்வளவு தடுக்குதோ அந்த அளவுக்கு வெளுப்பு. காத்து கறுப்பு. கொழுப்பு கொஞ்சம் சாம்பல். சதையும் தண்ணியும் இன்னும் வெளுத்த சாம்பல். எலும்பு வெள்ளை. உலோகம் பளிச். அவ்வளவுதான், அஞ்சு வகை.

இதுல கவனிக்க வேண்டியது, சதைக்கும் தண்ணிக்கும் ஒரே நிறம். ஈரலும் ரத்தமும் மூத்திரமும் ஒண்ணுபோல. வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சு நிறைஞ்சிருந்தா, உறுப்புகளோட ஓரம் மங்கிப்போய் மொத்தமும் பனிமூட்டம் மாதிரி தெரியும். பழகின கண்ணுக்கு அந்த மூட்டமே சேதி. பழகாத கண்ணுக்கு "படம் கொஞ்சம் சரியா விழலை".

பருத்தி நூலு, பனியன் துணி, சாக்ஸ் எல்லாம் ஈரமானா சதையோட சதையா கலந்துரும். ஊசி கோத்த நூலை முழுங்கினா ஊசி பளிச்சுன்னு தெரியும். நூல் தெரியாது. ஊசியைப் பாத்துட்டு நூலை மறந்தா அதுவும் ஆபத்து.

அப்போ எக்ஸ்ரேயால பிரயோஜனமே இல்லையா? இருக்கு. நூல் தெரியாது, நூல் செய்யற வேலை தெரியும்.

பாவாடை நாடாவை நினைச்சுக்குங்க. நாடாவோட ஒரு முனையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு துணியைத் தள்ளினா என்ன ஆகும்? துணி சுருக்கம் சுருக்கமா ஒரு பக்கம் போய் ஒதுங்கும். குடல்லயும் அதேதான். நூலோட ஒரு முனை பூனைக்கு பெரும்பாலும் நாக்கடியில, நாய்க்கு பெரும்பாலும் இரைப்பை வாசல்ல மாட்டிக்கும். குடல் பாட்டுக்கு சாப்பாட்டைத் தள்ளற மாதிரி தள்ளிக்கிட்டே இருக்கும். நூல் நகராது. குடல்தான் நூல் மேல ஏறி ஏறிச் சுருங்கும். இறுகின நூல் ரம்பம் மாதிரி குடலை உள்பக்கமா அறுக்கும். ஓட்டை விழுந்துச்சுன்னா வயிறு பூரா சீழ்.

அந்தச் சுருக்கத்துல மாட்டின காத்துக் குமிழிகள் படத்துல கமா மாதிரியும் கண்ணீர்த்துளி மாதிரியும் சின்னச் சின்னதா விழும். குடல் வயிறு பூரா பரவி இல்லாம ஒரே இடத்துல கொத்தா இருக்கும். இதைத் தேடிப் பாத்தாத்தான் தெரியும். எலும்பு உடைஞ்சிருக்கான்னு மட்டும் பாக்கற கண்ணுக்கு இது சிக்காது. எக்ஸ்ரே நாம கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேக்காத கேள்விக்கு "நார்மல்"னு எழுதிக் கொடுத்துரும்.

ஒரு படம் பாதிப் படம்

படம்ங்கறது நிழல்னு சொன்னேன் இல்லையா. உங்க நிழலை ஒரே பக்கத்துல இருந்து பாத்தா கையில வெச்சிருக்கற குடை முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னு தெரியுமா? அதுக்காகத்தான் கால்நடை வைத்தியத்துல குறைஞ்சது ரெண்டு படம்: பக்கவாட்டுல ஒண்ணு, மல்லாக்க ஒண்ணு. எலும்பு முறிவு ஒரு படத்துல ஒட்டினாப்ல தெரியும், இன்னொண்ணுல விலகி நிக்கும். நெஞ்சுல புத்துநோய் பரவியிருக்கான்னு பாக்க மூணு படம் வேணும். ஏன்னா ஒரு பக்கமா படுக்கும்போது கீழ்ப்பக்க நுரையீரல் அமுங்கி, அதுல இருக்கற சின்னக் கட்டி மறைஞ்சுரும்.

காசை மிச்சம் பண்றதா நினைச்சு "ஒண்ணு போதுங்க"ன்னு சொல்றது நாமதான். அந்த ஒண்ணு பல நேரம் வீண் செலவு. ரெண்டாவதையும் சேத்து எடுத்தாத்தான் மொதப் படத்துக்குக் கொடுத்த காசுக்கே அர்த்தம்.

இன்னொண்ணு. லாரியும் கம்பெனி வேனும் ஓடற ரோடு எங்க ரோடு. வண்டில அடிபட்ட நாயைத் தூக்கிட்டுப் போனா எல்லாரும் காலைத்தான் காட்டுவோம். கால் உடைஞ்சது கண்ணுக்குத் தெரியும், உதரவிதானம் கிழிஞ்சது கண்ணுக்குத் தெரியாது. குடலும் ஈரலும் நெஞ்சுக்குள்ள ஏறி உக்காந்திருக்கும், நாய் மூச்சு வாங்கிக்கிட்டுப் படுத்திருக்கும். அதைப் பாக்காம காலுக்கு மயக்க ஊசி போட்டா, மேசையிலயே முடிஞ்சுரலாம். அதனால அடிபட்ட நாய்க்கு முதல்ல நெஞ்சைப் பாக்கச் சொல்லிக் கேளுங்க. கால் ஒரு நாள் காத்திருக்கும்.

அப்போ ஸ்கேனே எடுத்துரலாமா?

இங்கதான் அடுத்த குழப்பம். ஸ்கேன்னா எக்ஸ்ரேயை விட உசத்தி, எல்லாம் தெரியும்னு ஒரு நினைப்பு. ரெண்டும் வேற வேற வேலை. அல்ட்ராசவுண்டுங்கறது ஒலியை அனுப்பி எதிரொலியைப் படமாக்கறது. சதைக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் நல்லாத் தெரியும். எக்ஸ்ரே கோட்டை விடற இடம் அது. ஆனா காத்தும் எலும்பும் குறுக்க வந்தா ஒலி அங்கேயே நின்னுரும். எக்ஸ்ரே ஜெயிக்கற இடம் அது.

உதாரணம் சொன்னா சுலபமாப் புரியும்.

1. நாய் சினையா? அல்ட்ராசவுண்டுல சுமார் 25 நாள்லயே குட்டியோட இதயத்துடிப்பைப் பாக்கலாம். ஆனா எத்தனை குட்டின்னு எண்ணறதுல தப்பு வரும். 55 நாளுக்கு மேல எக்ஸ்ரே எடுத்தா, மண்டையோட்டையும் முதுகெலும்பையும் எண்ணிச் சொல்லிரலாம். பிரசவத்துல "இன்னும் ஒண்ணு உள்ள இருக்கா"ன்னு நடுராத்திரில தவிக்க வேண்டாம்.

2. மூத்திரப்பைல கல்லா? சில வகைக் கல்லு எக்ஸ்ரேல வெள்ளையாத் தெரியும். யூரேட் மாதிரி சில வகை தெரியாமலே போகலாம். டால்மேஷன் வளர்க்கறவங்க இதை மறக்கக்கூடாது, அந்த இனத்துக்கு வர்றது பெரும்பாலும் அந்தக் கல்லுதான். அங்க அல்ட்ராசவுண்டு வேணும்.

3. அடிபட்ட நாய் வயித்துக்குள்ள ரத்தக் கசிவா? 2004-ல அமெரிக்காவுல வண்டி மோதின 100 நாய்களுக்கு, வந்த உடனே வயித்துல நாலே நாலு இடத்துல மட்டும் ஸ்கேன் வெச்சுப் பாத்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 45 நாய்க்கு உள்ளே திரவம் இருந்தது. இதுக்கு சில நிமிசம்தான் ஆகும்.

4. நம்ம நூல் விவகாரம்? சுருங்கின குடல் அல்ட்ராசவுண்டுல மடிப்பு மடிப்பா தெரியும், நடுவுல நூல் ஒரு வெள்ளைக் கோடா ஓடும். ஆனா முடியை வழிச்சு, ஜெல் தடவி, பொறுமையாத் தேடற கை வேணும். மெஷினை விட கைதான் முக்கியம். அதே மெஷின், ஆள் மாறினா பதிலும் மாறும்.

ஆக, எது உசத்தின்னு கேக்கறதே தப்பு. என்ன சந்தேகம்ங்கறதுதான் கேள்வி. சந்தேகத்தைச் சொல்ல வேண்டியது நாம. "நூலோட விளையாடும் டாக்டர், பாதி நூலைக் காணோம்" என்ற ஒரு வரி, பெரிய மெஷின் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கும்.

நீங்க புடிச்சுக்குங்க, நான் எடுத்துக்கறேன்

இதுல எனக்குக் கோவமே வரும். நாய்க்கு எக்ஸ்ரேன்னா நடக்கறது என்ன? ஓனர் தலையைப் புடிக்கணும், தம்பி காலைப் புடிக்கணும், கூட வந்த புள்ளை வேடிக்கை பாக்கும். ஈயக் கோட்டு ஒண்ணே ஒண்ணு சுவத்துல தொங்கும், அதையும் யாரும் போட மாட்டாங்க. "ஒரு செகண்டுதானுங்க, ஒண்ணும் ஆகாது."

எடிசன்கிட்ட கிளாரன்ஸ் டாலின்னு ஒருத்தர் வேலை பாத்தார். எக்ஸ்ரே குழாய் வேலை செய்யுதான்னு தன் கையையே நீட்டி நீட்டிச் சோதிச்சவர். கை புண்ணாகி, புத்துநோயாகி, ரெண்டு கையையும் எடுத்தும் 1904-ல செத்துப்போனார். எடிசனே எக்ஸ்ரே பக்கம் போகாம விட்டுட்டார். பயமுறுத்தலை, வருசத்துக்கு ஒரு தடவை நாயைப் புடிக்கறவருக்கு அப்படியெல்லாம் ஆகாது. ஆனா தினம் பத்துப் பதினஞ்சு நாயைப் புடிக்கற அந்த அட்டெண்டர் பையனுக்கு? அவனைப் பத்தி யார் யோசிக்கறாங்க?

நம்ம நாட்டுல இதுக்குன்னே 1983-ல இருந்து அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கு. கதிர்வீச்சு வேலை பாக்கறவங்களுக்கு அஞ்சு வருச சராசரியா வருசத்துக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஒரு வருசத்துலயும் 30-ஐத் தாண்டக்கூடாது. பொதுமக்களுக்கு 1 தான். கர்ப்பமா இருக்கற பொண்ணுங்களும் சின்னப் புள்ளைங்களும் அந்த ரூமுக்குள்ளயே இருக்கக்கூடாது. ஈயக் கோட்டு சிதறி வர்ற கதிரைத்தான் தடுக்கும். நேர்க்கதிருக்குள்ள கையை நீட்டறதுக்கு அது லைசென்ஸ் இல்லை. தூரமும் ஒரு மருந்து: ஒரு மீட்டர்ல இருந்து ரெண்டு மீட்டருக்குத் தள்ளி நின்னா, படற கதிர் நாலுல ஒரு பங்காக் குறையும்.

வழி இருக்கு. டாக்டர் பாத்து, தாங்கும்னா லேசா மயக்க மருந்து. மணல் மூட்டை, ஸ்பாஞ்சு கட்டை, கட்டற நாடா. நாய் ஆடாம இருக்கும், படமும் தெளிவா விழும், திரும்ப எடுக்க வேண்டியதும் இல்லை. மணல் மூட்டைக்கு என்ன பெரிய செலவு? காடா துணிக்குப் பஞ்சமில்லாத ஊர்ல ஒரு மூட்டை தைக்க முடியாதா நம்மால?

"மனுசனுக்கே இல்லை, நாய்க்கு ஸ்கேனா?"

இதைக் கேக்காத ஆளே இல்லை. பின்னூட்டத்துலயும் ஒருத்தர் கண்டிப்பா வந்து கேப்பார், இப்பவே பதில் சொல்லிர்றேன் :-)

ஒண்ணு, மனுசனுக்கு இல்லைங்கறது மனுசனுக்குக் கேட்டு வாங்க வேண்டிய விஷயம். நாய்க்குக் குடுக்காம வெச்சா அது மனுசனுக்குப் போய்ச் சேர்றதில்லை.

ரெண்டு, காரணம் தெரியாம அஞ்சு நாள் ஊசி போடற காசைக் கூட்டிப் பாருங்க. குளுக்கோஸு, வாந்தி ஊசி, ஆன்டிபயாட்டிக், ஆட்டோ வாடகை, வேலைக்கு லீவு. முதல் நாளே சரியாப் பாத்தா ஆகற செலவை விட அது குறைவா இருக்கும்னு எனக்குத் தோணலை. இதுல வலி தனிக் கணக்கு. அதைச் சொல்ல அதுக்கு வாயும் இல்லை.

மூணு, டாக்டருங்க பக்கமும் பாக்கணும். எங்க பக்கம் கால்நடை மருந்தகத்தை ஜனங்க "மாட்டாஸ்பத்திரி"ன்னுதான் சொல்வாங்க. பேரு சரிதான். மாடு, ஆடு, சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, இதுலயே அவங்க நாள் ஓடிரும். காங்கேயம் மாட்டுக்குப் பேர் போன ஜில்லாவுல அதைக் குறை சொல்ல முடியாது. தனியா கிளினிக் வெச்சிருக்கறவர் எக்ஸ்ரே, அதுக்கு ரூம், பதிவு, ஸ்கேன் எல்லாம் சொந்தக் காசுல போடறது சுலபமில்லை. அல்ட்ராசவுண்டு மெஷினு வாங்கறதுக்கே, கருவுல ஆணா பெண்ணான்னு பாக்கறதைத் தடுக்கற 1994-ஆம் வருசச் சட்டத்தால கட்டுப்பாடு உண்டு. அந்தச் சட்டம் அவசியமான சட்டம், அதுல மாத்துக் கருத்து இல்லை. ஆனா தனி டாக்டருக்கு அது இன்னொரு படி.

அதனாலதான் இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைங்கறேன். சென்னை வேப்பேரில 1903-ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. நாமக்கல்லுல 1985-ல இருந்து ஒரு கல்லூரி இருக்கு, ஆனா எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல. 2020-க்கு அப்பறம் எங்க ஜில்லாவுலயே உடுமலைப்பேட்டைக்கும் ஒரு கால்நடைக் கல்லூரி வந்தாச்சு. சந்தோசம். ஆனா வாந்தி எடுக்கற பூனையைப் பையில போட்டுக்கிட்டு மங்கலத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி உடுமலைப்பேட்டை போய்ச் சேர்றதுக்குள்ள பாதி நாள் போயிரும். தறி ஓட்டறவனுக்குப் பாதி நாள்னா பாதிக் கூலி.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணுமில்லை. திருப்பூர் டவுனுக்குள்ள ஒரே இடத்துல எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும், ரெண்டையும் படிக்கத் தெரிஞ்ச ஒரு டாக்டர், ஷிப்டு முடிஞ்சு வர்றவங்களுக்காக சாயங்காலம் எட்டு மணி வரைக்கும். மெஷின் மட்டும் வாங்கி வெச்சுட்டு ஆள் போடாம விட்டா அது துணி போத்தின மேசைதான். படம் எடுத்த கையோட கல்லூரில இருக்கற நிபுணருக்கு ஒரிஜினல் கோப்பை அனுப்பி கருத்துக் கேக்கற ஏற்பாடும் வேணும். இப்ப நடக்கற மாதிரி, ஃபிலிமை ட்யூப்லைட்டுக்கு முன்னாடி தூக்கிப் புடிச்சு போன்ல படம் எடுத்து வாட்ஸப்புல அனுப்பறது இல்லை. அதுல அஞ்சு நிறமே மூணாயிரும், அப்பறம் கமா குமிழியை எங்க தேடறது?

அது வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கறது:

நூல், எலாஸ்டிக், ஊசியை மூடி போட்ட டப்பாவுல வையுங்க. பிசிறு வெட்டின நூலை அன்னன்னைக்கே கூட்டிருங்க.

பூனை வாந்தி எடுத்து ஒரு நாள் சாப்பிடலைன்னா, நாக்கைத் தூக்கி அடியில பாக்கச் சொல்லி டாக்டரைக் கேளுங்க. இதுக்கு மெஷினே வேண்டாம்.

வாய்லயோ ஆசனவாய்லயோ நூல் தொங்கினா, தயவுசெஞ்சு இழுக்காதீங்க. பாவாடை நாடாவை மறந்துராதீங்க.

எக்ஸ்ரேன்னா ரெண்டு படம் கேளுங்க. "ஒண்ணுமில்லை"ன்னா, "எது இல்லைங்க டாக்டர்?"னு மரியாதையா ஒரு கேள்வி கேளுங்க. எலும்பு முறிவு இல்லையா, அடைப்பு இல்லையா, கசிவு இல்லையா?

படம் நார்மல், பிராணி நார்மல் இல்லைன்னா, பிராணியை நம்புங்க.

உங்க ஊர்ல நிலைமை எப்படி? மதுரை, திருநெல்வேலி, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் பதிவர்கள் வந்து சொல்லிட்டுப் போங்க. எங்க போனீங்க, எத்தனை படம் எடுத்தாங்க, யார் புடிச்சுக்கிட்டாங்க? ஆஸ்பத்திரி பேர் வேண்டாம், விஷயம் போதும்.

பி.கு: இதைப் படிச்சுட்டு வீட்டுலயே வைத்தியம் பாக்கக் கிளம்பிராதீங்க. நான் டாக்டர் இல்லை. நாக்கைத் தூக்கிப் பாக்கறேன்னு பூனைகிட்ட கடி வாங்கினா ரேபிஸ் ஊசிக்கு நீங்கதான் வரிசைல நிக்கணும் :-)